கல்லைப் புதைக்கும் கருவி: கொட்டகலை மண்ணில் ஒரு பரீட்சை

கொட்டகலைப் பக்கம் மரக்கறி போடுகிறவர்களுக்கு உழவைவிடக் கல் பொறுக்குவதுதான் பெரிய வேலை. ஒரு பாட்டம் மழை அடித்தால் போதும், சுத்தம் பண்ணிய பாத்தியில் வெங்கச்சங்கல் மறுபடி பல்லைக் காட்டும். மலைநாட்டின் அடியில் கிடப்பது நைஸ், சார்னொக்கைட், குவார்ட்சைட் பாறைகள். மற்றதெல்லாம் மக்கி மண்ணானாலும் வெங்கச்சங்கல் மக்காது.

இந்தத் தொல்லைக்கு மருந்தாகச் சொல்லப்படுவது, சிறிய டிரக்டருக்குப் பின்னால் பூட்டும் கல் புதைக்கும் கருவி. 24 குதிரைவலு டிரக்டரில் பூட்டி, ஓயாவை அண்டிய சமதரைக் காணியில் ஓட்டிப் பார்த்தோம்.

வேலை செய்யும் விதம்

பார்த்தால் ரொட்டவேட்டர்தான். ஆனால் ரொட்டவேட்டரின் கத்தி சில்லு உருளும் பக்கமே சுழலும். இது எதிர்ப்பக்கம் சுழல்கிறது. மண்ணையும் கல்லையும் ஒன்றாகக் கிளப்பிப் பின்னாலிருக்கும் கம்பிச் சட்டத்தில் அடிக்கிறது. கம்பிக்குள் நுழையாத கல் முதலில் பள்ளத்தில் விழ, சலிபட்ட மண் அதன்மேல் விழுந்து மூடுகிறது. கடைசியில் உருளை அமுக்கிவிடுகிறது. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழல வேண்டும். டிரக்டரோ ஆள் நடையைவிட மெதுவாகத்தான் போக வேண்டும். அவசரப்பட்டால் கல்லும் மண்ணும் கலந்தே விழும்.

கண்டது

ஓட்டி முடித்த பாத்தியை மம்பட்டியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மேல்மண் புட்டுக்குப் பிசறிய மாவைப் போல உதிர்ந்தது. ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில் கல் வரிசை தொடங்கியது. சலாதுக்கும் நாற்றுமேடைக்கும் இதைவிட நல்ல பாத்தி கையால் போட முடியாது.

கரட் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். கரட் வேர் அந்தக் கல் வரிசையை எட்டினால் கவட்டை விழும். கவட்டைக் கரட்டைச் சந்தையில் கழித்துப் போடுவார்கள். அடுத்த போகத்தில் உருளைக்கிழங்குக்கு ஆழ உழுதால் புதைத்த கல் திரும்பவும் மேலே வரும். ஸ்கொட்லாந்து உருளைக்கிழங்கு வயல்களில் கல்லைப் பாத்திக்கு அடியில் விடாமல் பக்கத்துச் சாலில் ஒதுக்குகிறார்கள். அந்த இயந்திரங்களை இழுக்க நம் சிறிய டிரக்டர் காணாது.

ஈர மண்ணில் கம்பிச் சட்டம் அடைத்துக்கொண்டது. நிறுத்தி நிறுத்திச் சுரண்ட வேண்டியிருந்தது. கைப்பிடிக் கல்லைச் சிரமமில்லாமல் விழுங்குகிறது. தலையளவு கல் மாட்டினால் ஷியர் போல்ட் முறியும். கியர்பொக்ஸைக் காப்பாற்றத்தான் அது முறிகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய கல்லை முன்கூட்டியே அலவாங்கு போட்டுப் புரட்டுகிற வேலை அப்படியே இருக்கிறது.

சரிவில் வேண்டாம்

டிரக்டர் கவிழும் அபாயம் ஒருபுறம். இவ்வளவு நைசாக்கிய மண்ணைத் தென்மேற்குப் பருவமழை நேரே கொத்மலை ஓயாவுக்கு இறக்கிவிடும். மண் அரிப்பைத் தடுக்க 1951ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சட்டம் வந்தது. பழைய தேயிலை மலைகளில் குறுக்கே ஓடும் கல்லடுக்குகளைப் பாருங்கள்: அங்கே மண்ணைப் பிடித்து வைத்திருப்பது கல்தான். சரிவுக் காணிக்காரர் கல்லைப் புதைப்பது, வரம்புக்கு வேண்டிய சாமானைப் புதைப்பது.

மாற்று வழி

அதே டிரக்டரில் பூட்டக்கூடிய ரேக் இருக்கிறது. வளைந்த இரும்புப் பற்கள், சாய்த்து வைக்கலாம், பி.டி.ஓ. வேண்டாம், கியர்பொக்ஸும் இல்லை. முதலில் கொழுக் கலப்பையால் கிளறிவிட்டு இழுத்தால் கல்லை ஓரமாகக் கூட்டித் தரும். மேலே கிடப்பதைத்தான் கூட்டும், அள்ளுவதும் அடுக்குவதும் நம் கைவேலை. ஆனால் கல் நம் கைக்கு வருகிறது. பல் வளைந்தால் சாதாரணப் பட்டறையிலேயே நிமிர்த்திக்கொள்ளலாம்.

வாங்கலாமா?

ஓயாவோரச் சமதரையில் நாற்றோ சலாதோ போடுகிறவர்கள் கல் புதைக்கும் கருவியைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கலாம். தனியாளுக்கு வருடத்தில் அத்தனை வேலை இராது. கரட், கிழங்கு போடுகிறவர்களுக்கும் சரிவுக் காணிக்காரருக்கும் ரேக் போதும். எதை வாங்கினாலும் கடை முற்றத்தில் ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். மழை விட்ட மறுநாள் உங்கள் காணியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பொருத்தமான ஷியர் போல்ட் ஹட்டன் கடைகளில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.