ஐம்பது லட்சத்துக்கு ஐந்து வரி

ஓராண்டில் ஐம்பது லட்சம் ரூபாய் வந்தால் எவ்வளவு வரி என்று ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள். "எதுல வந்துச்சு?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்து வரி பூஜ்யமாகவும் இருக்கலாம், பதினைந்து லட்சத்தைத் தாண்டவும் செய்யலாம்.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி கணக்குப் போடுவோம். மொத்தமும் சம்பளம் என்றால், 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, 4 சதவீத செஸ் சேர்த்து 10,99,800 ரூபாய் வரி. வேறு வருமானமே இல்லாத ஒருவர், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பட்டியலிட்ட பங்குகளை விற்று அதே தொகையை லாபமாகப் பார்த்தால் 5,81,750. தனியாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞருக்கு அது ஆண்டு வரவு என்றால், உத்தேசக் கணக்கு முறையில் பாதியை வருமானமாகக் காட்டி 3,43,200 கட்டினால் போதும். அவருடைய உண்மையான செலவு வரவில் பாதியா, பத்தில் ஒரு பங்கா என்று யாரும் கேட்பதில்லை. நெல்லும் தென்னையும் விற்று வந்த ஐம்பது லட்சத்துக்கு வரியே இல்லை. லாட்டரியில் விழுந்திருந்தால் எந்தக் கழிவும் இல்லாமல் 15,60,000. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை என்பதால், செங்கோட்டையைத் தாண்டிப் போய் கேரளச் சீட்டு வாங்குவோரின் கவலை அது. அந்த வரியைப் பற்றி எனக்குப் புகாரில்லை.

இந்த வேறுபாடுகள் எல்லாமே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. இருபது ஆண்டு வைத்திருந்த மனையை விற்கும்போது, இருபது ஆண்டின் லாபமும் ஒரே ஆண்டின் கணக்கில் வந்து விழுகிறது. அதை அடுக்கு விகிதத்தில் ஏற்றினால், சாதாரணக் குடும்பம்கூட அந்த ஓராண்டுக்கு 30 சதவீதக்காரர் ஆகிவிடும். அந்த லாபத்தில் பெரும்பகுதி விலைவாசி உயர்வு கொண்டுவந்ததாகவும் இருக்கும். உத்தேசக் கணக்கு முறையும் சிறு டாக்டரையும் வக்கீலையும் கணக்குப் புத்தகம், தணிக்கை ஆகிய தொல்லைகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. வரி கட்டாமல் ஒதுங்கியிருந்த பலரை உள்ளே இழுத்துவரும் வழியும் அதுதான். ஒரே தட்டையான விகிதம் என்றால் பணம் கைமாறும் இடத்திலேயே பிடித்துக்கொள்வதும் சுலபம்.

முதலீட்டு வருமானத்துக்குத் தனி விகிதம் என்ற யோசனையும் நமக்கு மட்டும் உரியதல்ல. ஸ்வீடன் 1991-ல் உழைப்புக்கு ஏறுமுக வரி, மூலதனத்துக்கு 30 சதவீதத் தட்டை வரி என்று பிரித்தது. மூலதனம் நாடு விட்டு நாடு ஓடக்கூடியது, உழைப்பவர் அவ்வளவு எளிதாக ஓட முடியாது என்பது அதன் அடிப்படை. ஆனால் அங்கே வட்டியும் டிவிடெண்டும் பங்கு லாபமும் பொதுவாக ஒரே விகிதத்தின் கீழ் வந்தன. நாமோ மூலதனத்துக்குள்ளேயே சாதி பிரித்து வைத்திருக்கிறோம்.

ஒரு நிறுவனம் தன் லாபத்துக்கு வரி கட்டிவிட்டு மிச்சத்தை டிவிடெண்டாகக் கொடுத்தால், 30 சதவீத அடுக்கில் இருக்கும் பங்குதாரர் செஸ்ஸோடு 31.2 சதவீதம் கட்டுகிறார். 2020 ஏப்ரலில் டிவிடெண்ட் விநியோக வரியை எடுத்ததிலிருந்து இதுதான் நிலை. அதே மிச்சத்தை நிறுவனம் கையில் வைத்துக்கொண்டு, அதனால் பங்கு விலை ஏறி, அவர் ஓராண்டு கழித்து விற்றால் 13 சதவீதம்தான்; அதுவும் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும். நிறுவனம் ஏற்கெனவே வரி கட்டிவிட்டது என்பதுதான் பங்கு லாபத்துக்கான சலுகைக்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் டிவிடெண்டுக்கு மட்டும் ஏன் செல்லாமல் போகிறது?

வங்கி வைப்புக்காரரின் நிலை இதைவிட மோசம். நூறு ரூபாய்க்கு ஏழு ரூபாய் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் அடுக்கில் இருப்பவருக்கு 2.18 ரூபாய் வரி போய் 4.82 மிஞ்சும். அந்த ஆண்டு விலைவாசி 5 சதவீதம் ஏறியிருந்தால், அவருடைய பணம் உண்மையில் தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததற்கு வரியும் கட்டியிருக்கிறார். பணவீக்கத்தைக் கழித்துக் கணக்கிடும் இண்டெக்சேஷன் சலுகை வீட்டுக்கும் நகைக்கும் பல்லாண்டு இருந்தது. 2024 ஜூலை 23 முதல் அதை நீக்கியபோது எதிர்ப்பு கிளம்ப, அதற்கு முன் வாங்கிய நிலத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் பழைய 20 சதவீத முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. எஃப்டி வட்டிக்கு அந்தச் சலுகை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை; அதற்காக யாரும் குரல் கொடுத்ததாகவும் தெரியவில்லை.

தனி விகிதம் என்றாலே பணக்காரருக்குச் சலுகை என்று நினைக்கிறோம். கீழ்மட்டத்தில் அது தலைகீழாகிறது. ஓய்வுபெற்ற ஒருவருக்கு வட்டி 5 லட்சம், ஓராண்டுக்குள் வாங்கி விற்ற பங்குகளில் லாபம் 3 லட்சம். மொத்தம் 8 லட்சம்தான். ஆனாலும் அந்த 3 லட்சத்துக்கு 20 சதவீதமும் செஸ்ஸுமாக 62,400 ரூபாய் கட்டியாக வேண்டும். 12 லட்சம் வரை வரியில்லை என்ற தள்ளுபடி வட்டியின் மீதான வரியைத்தான் நீக்கும். தனி விகித வருமானத்தைத் தொடாது. 12.75 லட்சம் சம்பளம் வாங்கும் அவருடைய மகன் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. மேல்மட்டத்தில் கதை வேறு: இரண்டு கோடிக்கு மேல் சம்பளம் என்றால் சர்சார்ஜ் 25 சதவீதம், அதே தொகை பங்கு லாபமாக வந்தால் 15 சதவீதத்தோடு நின்றுவிடும்.

விவசாய விலக்குக்கு வருகிறேன். விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் அரசமைப்புச் சட்டப்படி மாநிலங்களுடையது. டெல்லி நினைத்தாலும் முடியாது. கே.என். ராஜ் குழு 1972-ல் பரிந்துரைத்ததை ஒட்டி, விவசாயத்தோடு வேறு வருமானமும் உள்ளவர்களுக்கு இரண்டையும் கூட்டி அடுக்கை முடிவு செய்யும் முறை மட்டும் வந்தது. சிறு விவசாயியைக் காக்கவே விலக்கு என்பார்கள். 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கும் இன்று, விலக்கே இல்லாவிட்டாலும் சிறு விவசாயி வரிக்குள் வரமாட்டார். இப்போது அதனால் லாபம் பெரிய தோட்டக்காரருக்கும், வேறு வழியில் வந்த பணத்தை விளைச்சல் என்று எழுதிக்கொள்பவருக்கும்தான். மாநிலங்களிடம் அதிகாரம் இருக்கிறது. வாக்கை நினைத்துத் தயங்குகின்றன.

1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வருமான வரிச் சட்டம், 819 பிரிவுகளை 536 ஆக்கி மொழியை எளிமையாக்கியிருக்கிறது. விகித வேறுபாடுகளை மட்டும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சமப்படுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவர், தன் பங்கு லாபத்தைத் தனி விகிதத்துக்குக் கொடுப்பதா, அடுக்குக்குள் சேர்ப்பதா என்று தானே தேர்ந்தெடுக்க ஒரே ஒரு திருத்தம் போதும். அடுத்த பட்ஜெட்டில் நிதி அமைச்சகம் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான்.