ஈரம் எங்கிருந்து ஊறுகிறது?

பெட்ரோல் ஒழுகுகிற வண்டி கடைக்கு வந்ததும் ஸ்பேனரைத் தேடாமல் பழைய துணியைத் தேடுகிற மெக்கானிக்கிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. கார்பரேட்டரைச் சுற்றி ஈரம் போகத் துடைப்பார். பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். பெட்ரோல் எங்கே சொட்டுகிறது என்பதை வண்டிக்காரரே சொல்லிவிடுவார்; எங்கே ஊறுகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த உட்காரல். டேப்பின் கழுத்தில் கசிகிற பெட்ரோல் டியூபின் வெளிப்பக்கமாகவே இறங்கி, கார்பரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலைச் சுற்றி வந்து, அடித்திருகின் முனையில் தொங்கும். பார்த்தவர்கள் எல்லாரும் பவுல் ஒழுகுகிறது என்பார்கள். பவுல் பாவம்.

பழைய புல்லட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். திருவொற்றியூர் ஆலையில் பிறந்த அந்த வண்டிகளில் முதலில் இங்கிலாந்தின் அமால் கார்பரேட்டரும், பிறகு ஜப்பானின் மிக்குனி வடிவத்தில் இங்கேயே செய்த மைக்கார்பும் வேலை பார்த்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி அமலுக்கு வந்ததோடு பெரும்பாலான புது பைக்குகளில் அந்த இடத்தை இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்த வாசனை இன்னும் வீட்டு வாசலில் இருக்கிறது.

இந்த வண்டிகளில் பெட்ரோலுக்குப் பம்ப் கிடையாது. டாங்கியிலிருந்து தன் எடையிலேயே இறங்கி வருகிறது. அதை நிறுத்தி வைப்பது சுண்டுவிரல் நக நீளத்தில் ஓர் ஊசி. பவுல் நிறைய நிறைய மிதவை எழும்பி, ஊசியை அது உட்காரும் துளையான சீட்டில் அழுத்தும், வரத்து நிற்கும். எஞ்சின் குடிக்கக் குடிக்க மிதவை இறங்கும், ஊசி வழிவிடும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பால் வால்வும் இதே ஏற்பாடுதான். வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் செய்த கார்பரேட்டரிலேயே மிதவை இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் இதைச் சின்னதாக்கினார்கள், மெருகேற்றினார்கள், தூக்கியெறிய முடியவில்லை.

இந்த மட்டக் கணக்கு மனதில் இருந்தால் பாதி நோய் தானாகப் புரிந்துவிடும். பவுலுக்கும் மேலுடம்புக்கும் நடுவில் ஈரம் தெரிந்தால், கை துறுதுறுத்தவர்கள் திருகை இன்னும் ஒரு சுற்று முறுக்குவார்கள். கேட்காவிட்டால் கேஸ்கெட்டை மாற்றுவார்கள். ஆனால் வண்டி நேராக நிற்கும்போது பெட்ரோல் மட்டம் அந்த இணைப்புக்குக் கீழே நிற்க வேண்டியது. அங்கே ஏறியிருக்கிறதென்றால் முதல் சந்தேகம் ஊசியின் மேல்தான் வர வேண்டும். முறுக்கியதால் கிடைத்த ஒரே பலன், மெத்தென்ற உலோகத்தில் மரை தேய்ந்ததுதான். சைடு ஸ்டாண்டில் ஒழுகி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியும் அநேகமாக இதையேதான் சொல்கிறது: மட்டம் விளிம்பில் நிற்கிறது, சாய்ந்தால் தாண்டிவிடுகிறது.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பவுலில் இரண்டு தட்டு தட்டினதும் ஒழுகல் நின்றால், ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவில் டாங்கித் துரு மாட்டியிருந்தது என்று அர்த்தம். அதோடு பில் போட்டு அனுப்புகிற கடைகளும் உண்டு. டாங்கியில் துரு இருக்கும்வரை அடுத்த துகள் வரிசையில்தான் நிற்கிறது.

ஊசியைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்தான் கைதேர்ந்தவர் யார் என்று தெரியும். கூம்பு முனையை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், தேய்ந்த ஊசியில் ஒரு மெல்லிய வளையம் பளபளக்கும். நகத்தை முனை நோக்கி இழுத்தால் அந்த இடத்தில் தட்டும். ரப்பர் முனையென்றால் வளையத்துக்குப் பதில் பள்ளம். ஊசி போனால் புது ஊசி போடலாம், ஆனால் அது உட்காரப்போவது பழைய சீட்டில். தீக்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, பித்தளை பாலிஷ் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி உருட்டிச் சீட்டைத் துலக்குகிற கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எமரித் தாளை அங்கே கொண்டுபோகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பிறகு வாய்ச் சோதனை. பவுல் இல்லாத கார்பரேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெட்ரோல் வரும் துளையில் சின்ன டியூபை மாட்டி ஊதுவார்கள். மிதவை தன் எடையிலேயே ஊசியை அழுத்திக்கொண்டிருப்பதால் மூச்சு முட்டி நிற்கும். மிதவையை விரல் நுனியால் கொஞ்சம் தூக்கினால் புஸ்ஸென்று போகும். விட்டால் மறுபடி நிற்கும். இதற்கு மெல்லத்தான் ஊத வேண்டும். பலமாக ஊதினால் நல்ல ஊசியும் தோற்றுப்போகும், நல்ல பொருளைத் தூக்கிப் போட வேண்டிவரும்.

பழைய பித்தளை மிதவைக்குச் சோதனை காதில். காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே புகுந்த பெட்ரோல் சளசளக்கும். சந்தேகமென்றால் வெந்நீரில் அமுக்குவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அதன் மேல் ஈயம் வைக்கும்போதுதான் கை சிக்கனம் தெரிய வேண்டும். பொட்டு பெரிதானால் மிதவை கனக்கும்; கனத்த மிதவை தாமதமாக எழும்பும்; மட்டம் ஏறும். ஓட்டையை அடைத்த அதே வேலையே அடுத்த ஒழுகலுக்கு அடிபோட்டிருக்கும்.

அமாலின் குறும்பு ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அதன் மேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஆறிய எஞ்சினைக் கிளப்புமுன் அதை அழுத்தினால் மிதவை அமிழ்ந்து, பெட்ரோல் மட்டத்தை மீறி வெளியே வரும். விரல் நனைந்ததும் கிக்கரில் காலை வைக்கலாம். ஒழுகலுக்கே உத்தியோகம் கொடுத்த கார்பரேட்டர்! அந்தப் பொத்தான் அழுக்கில் சிக்கி எழும்பாமல் போனாலும் ஒழுகும். ஊசியைக் குற்றம் சொல்லுமுன் அதை ஒருமுறை தட்டிப் பார்ப்பது அமால்காரர்களின் பழக்கம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் ஓவர்ஃப்ளோ குழாயைச் சந்தேகிக்க வேண்டும். சில கார்பரேட்டர்களில் பவுலுக்கு நடுவே நிற்கும் பித்தளைக் குழாய் அது. மயிரிழை வெடிப்பு விட்டால், மட்டம் சரியாக இருக்கும்போதே பெட்ரோல் அதன் வழியே இறங்கிவிடும். ஊசி மாற்றி, மிதவை மாற்றி, கிட் மாற்றிக் களைத்துப்போன வண்டிகளில் கடைசியில் மாட்டுவது இதுதான். கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். கழற்றிய பவுலில் குழாயின் வாய்க்குக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி, காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. ஓ-ரிங் உப்பி, வந்த பள்ளத்திலேயே மறுபடி உட்கார மறுக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் ஓடாமல் நிற்கிற வண்டியின் டாங்கியில் துருவுக்கும் கொண்டாட்டம்.

வண்டியை நிறுத்தினதும் டேப்பை மூடுகிற பெரியவர்களின் வழக்கம் நல்லதுதான். ஊசி பிடிக்காத வண்டியில் டேப் இரவெல்லாம் திறந்திருந்தால், இன்டேக் வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருக்கும் பட்சத்தில், பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அந்த வண்டியை உதைக்க வேண்டும். ஆனால் டேப்பை மூடி மூடியே தேய்ந்த ஊசியை வருஷக்கணக்கில் மறைத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வண்டி ஓடும்போது டேப் திறந்துதானே இருக்கிறது?

மட்டம் ஏறினால் கலவையும் கனக்கும். ஒரு சொட்டுகூட வெளியே வராமலே ஏறிய மட்டத்தோடு ஓடுகிற வண்டிகள் நிறைய. மைலேஜ் இல்லை என்று, பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். நல்ல மெக்கானிக் பிளக்கைக் கழற்றுவார். கரிப்பொடி அப்பியிருந்தால் ஜெட்டைத் தொடுமுன் பவுலைத் திறந்து, மிதவையில் ஊசியைத் தொடுகிற சின்ன நாக்கை மூக்குக் குறடால் மயிரிழை வளைப்பார். அளந்து பார்ப்பார், மறுபடி வளைப்பார். வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லி பிளக்கை மறுபடி கழற்றும்போது, பீங்கான் வெளிர் பழுப்பில் இருந்தால் ஜெட்டில் கைவைக்க வேண்டிய வேலையே இல்லை.