நிலமும் மௌனமும்: எம். விஜயபாஸ்கரின் ஆய்வுகள்

எம். விஜயபாஸ்கர் பொருளியல் ஆய்வாளர், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். தொழில்மயமாதல், உழைப்பு, நிலம், கட்சி அரசியல் ஆகியவற்றை இணைத்துப் பார்ப்பது அவருடைய முறை. அ. கலையரசனுடன் சேர்ந்து எழுதிய ‘தி திராவிடியன் மாடல்’ 2021 இல் வெளிவந்தது. அதே ஆண்டு தமிழக அரசின் திட்டக்குழுவில் பகுதிநேர உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நிலம் கையகப்படுத்தல் பற்றிய அவருடைய வாதத்தை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மையக் கேள்வி

2007 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் நந்திகிராமில் நிலம் காக்கத் திரண்டவர்களில் 14 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் பெருகின. ஆனால் அத்தகைய கிளர்ச்சி இங்கே எழவில்லை. ஏன் என்று கேட்டவர் விஜயபாஸ்கர். 2010 இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் வெளிவந்த கட்டுரையில் இதை ‘மௌனத்தின் அரசியல்’ என்றார்.

அவருடைய விடை எளியது, ஆனால் மேலோட்டமானதல்ல. வேளாண்மை வருமானம் தரும் தொழிலாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கூலிகளுக்கு, குறிப்பாகத் தலித்துகளுக்கு, வயல் என்பது சாதி அடக்குமுறையின் களமும்கூட. அதைவிட்டு வெளியேறுவது அவர்களுக்கு இழப்பாக மட்டும் தெரியவில்லை. கட்சிகளும் உழவர் பிரச்சினையை முன்னெடுக்கும் நிலையில் இல்லை.

வாதத்தின் வலிமை

நிலத்தை இழப்பவர் எல்லோரையும் ‘விவசாயி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கும் வழக்கத்தை இந்த வாதம் உடைக்கிறது. பட்டாதாரரும் குத்தகைதாரரும் கூலியும் ஒரே நிலத்தை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். ஜெய்ப்பூர் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்காக நிலம் இழந்த கிராமத்தை ஆராய்ந்த மைக்கேல் லெவியன், நில விலையேற்றத்தின் பலன் சாதியையும் வசதியையும் பொறுத்து எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டது என்று 2018 இல் வெளிவந்த நூலில் காட்டினார். விஜயபாஸ்கர் அதே பிரிவினையை அரசியலின் பக்கத்திலிருந்து முன்பே தொட்டிருக்கிறார்.

விடுபட்டவை

முதலாவது, சட்டம். தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம் (1997) நில உரிமையாளரின் ஒப்புதலைக் கோரவில்லை. 2013 ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கான கையகப்படுத்தலில் 80 சதவீத ஒப்புதலையும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு தன் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்குத் தேடிக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 இல் அந்த விலக்கைச் செல்லாது என்றது. உடனே அரசு புதுச் சட்டம் இயற்றியது, 2021 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒப்புதலே கேட்கப்படாத இடத்தில் மௌனத்தைச் சம்மதமாக வாசிக்க முடியாது.

இரண்டாவது, மனைச் சந்தை. பத்திரச் செலவைக் குறைக்க, கைமாறிய தொகையைவிடக் குறைத்து வழிகாட்டி மதிப்பிலேயே கிரயத்தைப் பதிவு செய்வது நம்மிடையே பரவலான வழக்கம். இழப்பீடு கணக்கிடும்போது அந்த வழிகாட்டி மதிப்பும் பதிவான கிரயங்களுமே அடிப்படை. 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. மனை வாங்குபவருக்குச் சலுகையாகத் தெரிந்த குறைப்பு, நிலத்தைப் பறிகொடுப்பவரின் இழப்பீட்டு அடிப்படையைத் தாழ்த்தக்கூடியது. நிலத்தின் அரசியலை எழுதிய விஜயபாஸ்கர் இந்தப் பணக்கணக்குக்குப் போதிய இடம் தரவில்லை.

மூன்றாவது, வயலைவிட்டு வந்தவர் எங்கே சேர்ந்தார் என்பது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010 இல் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 இல் தொடங்கிய நோக்கியா ஆலையோ 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். வேளாண்மையிலிருந்து மீட்சி என்ற கருத்தை ஆலை வாசலிலும் சோதிக்க வேண்டும் என்பதையே இவை காட்டுகின்றன.

பரந்தூர்

2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தில் இறங்கினர். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டனர். தொழில்வழித்தடத்துக்குப் பக்கத்திலேயே மௌனம் கலைந்தது. வாதம் இதனால் பொய்த்துவிட்டதா? முழுதும் இல்லை. சிப்காட் பூங்காக்களுக்குப் பெரும்பாலும் வயலும் மேய்ச்சல் நிலமும் போயின, ஊர் நின்றது. ஏகனாபுரத்தில் வீடும் ஏரியும் கோயிலும் சேர்ந்தே போக வேண்டும். பட்டாதாரரையும் கூலியையும் பிரித்த நிலம் அங்கே அவர்களை ஒன்றாக்கியது. ஆகவே மௌனம் தமிழ்ச் சமூகத்தின் நிலையான இயல்பல்ல. எது பறிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

மதிப்பீடு

விஜயபாஸ்கரின் முக்கியப் பங்களிப்பு அவர் சொன்ன விடையைவிட எழுப்பிய கேள்வியில் இருக்கிறது. போராட்டம் நடந்த இடத்தையே ஆராயும் துறையில், நடக்காத இடத்தையும் விளக்க வேண்டும் என்றார். அந்தக் கேள்வியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஆலை வாசலுக்கும் கொண்டுசெல்வது அடுத்துவரும் ஆய்வு மாணவர்களின் வேலை.