பெயின்ட் அடித்த காற்றுக்குழாய்

கப்பலின் டாங்கில் தண்ணீர் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். பம்ப் உறிஞ்சும்போது காற்று உள்ளே வர வேண்டும். இதற்காகவே மேல்தளத்தில் ஏர் வென்ட்டுகள் என்னும் காற்றுக்குழாய்கள் நிற்கின்றன. அலை ஏறினால் அவற்றின் தலையில் இருக்கும் மிதவைப் பந்து எழுந்து வாயை அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சின்னச் சாமான்களின் மதிப்பைக் கப்பல் உலகம் உணர ஒரு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1980 செப்டம்பரில் ஒகினாவா அருகே சூறாவளியில் பிரிட்டிஷ் கப்பல் டர்பிஷர் மூழ்கி 44 பேர் மாண்டனர். முன்தளத்துக் காற்றுக்குழாய்களும் வென்டிலேட்டர்களும் உடைந்து தண்ணீர் புகுந்ததில்தான் அழிவு தொடங்கியது என்று 2000இல் வெளியான மறுவிசாரணை அறிக்கை சொன்னது. அதன் பிறகே முன்தளப் பொருத்துகளின் வலிமைக்குத் தனி விதி வந்தது.

இன்றைய ஆய்வுமுறையில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. 1966 சுமைக்கோட்டு ஒப்பந்தப்படி குழாயின் உயரம் பிரதான தளத்தில் 760 மில்லிமீட்டர், மேற்கட்டுமானத் தளத்தில் 450. ஆண்டுதோறும் சர்வேயர் டேப்பும் சுத்தியலும் கொண்டே பாதி வேலையை முடித்துவிடலாம்.

மீதிப் பாதியில்தான் வில்லங்கம். தலையைக் கழற்றி உள்ளே பார்ப்பது ஐந்தாண்டு சர்வேயில்தான். முதல் முறை நான்கு தலைகள் போதும், பத்தாம் ஆண்டில் கப்பலின் முன்பக்கக் கால்வாசி நீளத்தில் உள்ளவை முழுவதும், மற்ற இடங்களில் 20 சதவீதம், பதினைந்தில்தான் எல்லாம். குறை தெரிந்தால் சர்வேயர் கூடுதலாகக் கழற்றச் சொல்லலாம் என்பது உண்மை. அலை முதலில் அறையும் முன்தளத்துக்கு முன்னுரிமை தருவதும் நியாயமே. ஆனால் துரு கப்பலின் வயதைக் கேட்டு வருவதில்லை. துத்தநாகப் பூச்சு போன இடத்தில் குழாயின் உட்சுவர் மெலிந்துகொண்டே போகும். வெளியே பெயின்ட் பளபளக்கும். கீறல் விழுந்த பந்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அது மிதக்காது. தலை இருந்தும் அடைப்பு இல்லை.

இன்னொரு தீங்கு பராமரிப்பாலேயே வருகிறது. சர்வேக்கு முன் அவசரமாக அடிக்கும் பெயின்ட் குழாய்த் தலையிலுள்ள கம்பிவலையின் கண்களை மூடிவிடும். பிறகு பாலாஸ்ட் ஏற்றினால் அழுத்தம் தாங்காமல் டாங்க் உப்பும்; இறைத்தால் தகடு உள்வாங்கும். பராமரிப்புப் பதிவேட்டில் மட்டும் "பார்த்தாயிற்று, கிரீஸ் வைத்தாயிற்று" என்று ஒழுங்காக இருக்கும்.

விதியைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போல்ட்டைக் கழற்றிப் பந்தைக் குலுக்கிப் பார்க்க சர்வேயர் வேண்டாம், போசனும் ஒரு ஸ்பானரும் போதும். முன்தள பாலாஸ்ட் டாங்குகளின் தலைகளை ஆண்டுக்கொரு முறையாவது சுழற்சியில் திறந்து, கண்டதை எழுதி வைக்கச் சீஃப் ஆபிசர்கள் முன்வர வேண்டும்.