இழுத்துப் பார்க்கும் செல்

ஆக்டின் புரத இழைகளில் ஒட்டிக்கொள்ளும் ஃபலாய்டின் சாயமேற்றிய செல்லை ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறீர்களா? கும்மிருட்டில், செல்லின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆக்டின் இழைகள் விறைத்து ஒளிரும். அப்பப்பா, என்ன அழகு! வடிவத்தைத் தாங்கும் சட்டகம் என்று பாடப்புத்தகம் இந்த இழைகளை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு மனசே ஆறுவதில்லை. எந்த மரபணு விழிக்க வேண்டும் என்பதில்கூட இந்தச் சட்டகத்துக்குப் பங்குண்டு!

யாப் என்றொரு புரதம். 2011இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழு, இது தரையின் கடினத்துக்கேற்ப இடம் மாறுவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. செல் கெட்டியான பரப்பில் அகலப் பரந்து உட்கார்ந்தால் யாப் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கும். மெத்தென்ற ஜெல்லில் வளர்த்தால் பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிடும். நானே ஜெல் வார்த்து, யாப்புக்குச் சாயமேற்றிப் பார்த்தேன். கண்ணாடிமேல் வளர்ந்த செல்களில் உட்கருக்கள் பளிச்சென்று மின்னின. ஜெல்மேல் இருந்தவற்றில் உட்கரு மங்கி, சுற்றிலும் பூத்தாற்போல் ஒளி. ஒரே செல்வகை, ஒரே ஊட்டக்கரைசல், மாறியது தரை மட்டும். அன்று மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

இதற்கும் முன்பே, 2006இல், ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை வெவ்வேறு கடினமுள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். மூளைபோல் மென்மையாக, 1 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் நரம்பணுச் சாயல். 10 கிலோபாஸ்கல் அளவில் தசை. 30ஐ ஒட்டி எலும்பு! ஆக்டின் இழைகளை இழுக்கும் மயோசின் புரதத்தை மருந்தால் முடக்கினால் இந்த வேறுபாடு எழவே இல்லை. முளைக்குச்சியை இழுத்துப் பார்த்து மண்ணின் இறுக்கத்தை அறியும் கன்றுக்குட்டிபோல, செல் தரையை இழுத்துப் பார்த்தால்தான் அதன் கடினத்தை அறிகிறது. செல்லின் உறையிலுள்ள இண்டெக்ரின் புரதம் தரையைப் பிடித்துக்கொள்ள, அதை ஆக்டினோடு இணைக்கும் டாலின் புரதம் விசையில் விரிய, விசை உட்கருவின் உறைவரை எட்டுகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் செல்லம் எம்ஆர்டிஎஃப் என்ற புரதம்தான். இழையாகக் கோக்காமல் உதிரியாகத் திரியும் ஆக்டின் இந்தப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். இழைகள் கூடக்கூட உதிரி ஆக்டின் குறையும். எம்ஆர்டிஎஃப் விடுபட்டு உட்கருவுக்குள் ஓடி, எஸ்ஆர்எஃப் புரதத்துடன் சேர்ந்து மரபணுக்களை இயக்கும். அப்படி இயங்குபவற்றில் ஆக்டினின் மரபணுவும் ஒன்று! சட்டகம் தனக்கு வேண்டிய சரக்கைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது.