தோற்கணும், ஆனா ஒழுங்கா தோற்கணும்

ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள் பற்றிய என் குறிப்புகளைத் தேட ஒரு சின்ன கமாண்ட்-லைன் நிரல் வச்சிருக்கேன். இல்லாத சொல்லைத் தேடினால் அது தோற்க வேண்டும். இந்தச் சோதனையை ஷெல்லில் வெறும் ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தேன். மாசக்கணக்கா பாஸ். உண்மையில் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஷெல்லுக்கு அதுவும் தோல்விதான்.

கிட்டின் சோதனைத் தொகுப்பிலிருந்து கிளைத்த ஷார்னஸுக்கு மாறினேன். அதன் 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' சில வரிதான், ஆனால் வெளியேறும் எண்ணைப் படிக்கிறது. 127 என்றால் கட்டளையே இல்லை. 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட். இரண்டையும் நியாயமான தோல்வியாக ஏற்காது. அருமை.

குறை 'டெஸ்ட்_சிஎம்பி'யில். அது டிஃப்பை அழைக்கிறது, அவ்வளவே. எதிர்பார்த்தது "ஸ்ரீரங்கம்", வந்தது "ஶ்ரீரங்கம்". வித்தியாசம் என்கிறது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. 2005-ல் யூனிகோடு 4.1 'ஶ' எழுத்தைச் சேர்த்த பிறகு 'ஸ்ரீ'க்கு இரண்டு வடிவம். ஒரே ஒரு பைட்தான் வேறு; நார்மலைசேஷனும் இவற்றை ஒன்றாக்காது. தமிழுக்குச் சோதனை எழுதுபவர்கள் பைட்டுகளையும் காட்டும் ஒரு உதவி ஃபங்ஷனைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது நாலே வரி.

அதை ஓட்டிய பிறகுதான் உறைத்தது: சோதனை சொன்னது சரி. என் தேடல்தான் ஒரு ஸ்ரீரங்கத்தைப் பிடித்து இன்னொன்றை விட்டிருக்கிறது. 'இல்லை'ன்னு இதுவரை முடிவுகட்டியதை எல்லாம் மறுபடி தேடணும்.