திரைக்குக் கீழே தெரியும் கால்கள்

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து. துரியோதனன் வர வேண்டிய நேரம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால்கள். உள்ளேயிருந்து திரை விருத்தம் வருகிறது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் கைபேசியில் ஏதோ ஒரு படத்தின் ட்ரெய்லர் பார்த்துக்கொண்டிருந்தான். அதிலும் முதலில் வந்தவை கால்கள்தான். பிறகு முதுகு, புகை, பாதி முகம்.

இரண்டும் ஒன்றே என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நம் மரபில் எல்லாம் உண்டு என்று பெருமைப்படுகிறவர்கள் அதைச் செய்துகொள்ளட்டும். எனக்கு வேறுபாடுதான் முக்கியமாகப் படுகிறது.

துணிக்குப் பின்னால் நிற்பவன் யார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கட்டியங்காரன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். படுகளத்தில் அவன் சாகப்போவதும் தெரியும். ஆகவே சனங்கள் காத்திருந்தது செய்திக்காக அல்ல, வருகைக்காக. ‘சஸ்பென்ஸ்’ என்பதை நாம் ‘மர்மம்’ என்று தமிழாக்கியதில் ஒரு பிழை நுழைந்துவிட்டது. மர்மம் தெரியாமையால் வருவது. இது தெரிந்தும் காத்திருக்க வைக்கப்படுவதால் வருவது. ஹிட்ச்காக் த்ரூஃபோவிடம் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு உதாரணமும் இதைத்தான் சொல்கிறது: குண்டு இருப்பது பார்வையாளனுக்கு முன்பே தெரிந்தால்தான் மேலே நடக்கும் சாதாரணப் பேச்சு தாங்க முடியாததாகிறது.

‘சைக்கோ’வுக்கு (1960) அவர் செய்த ட்ரெய்லரில் படத்தின் காட்சிகளைத் துண்டு துண்டாக ஒட்டவில்லை. ஆறு நிமிஷத்துக்கும் மேலாக, தாமே காலி வீட்டையும் விடுதியையும் சுற்றிக் காட்டுகிறார். இந்த மாடிப்படியில் ஒரு கொலை நடந்தது என்கிறார். விவரம் சொல்ல வருகிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார். காமிராவும் அவசரப்படாமல் கூடவே போகிறது. அசல் கட்டியங்காரன். கடைசியில் குளியலறைத் திரை விலகுகிறது, ஒரு பெண் அலறுகிறாள். அலறுவது, படத்தில் அங்கே கொல்லப்படும் ஜானெட் லீ அல்ல; வீரா மைல்ஸ். அதாவது அந்த ஷாட் படத்திலேயே இல்லை. விளம்பரம் செய்தார், படத்தையும் காப்பாற்றிக்கொண்டார்.

நம்மிடம் ட்ரெய்லரின் கத்தரிக்கோல் முதலில் அச்சில்தான் இருந்தது என்று சொல்வேன். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் ஓடும். கதாநாயகி கைவிடப்படுகிற இடத்திலோ வில்லன் கதவைத் தட்டுகிற இடத்திலோ நிற்கும். மீதியை வெள்ளித்திரையில் காண்க! காலணா இலக்கியம் என்று நாம் ஒதுக்கியது. ஆனால் வாக்கியத்தை எங்கே வெட்ட வேண்டும் என்பது அதை எழுதியவனுக்குத் தெரிந்திருந்தது.

சமீபத்தியவற்றில் என்னை நிறுத்தியது ஒன்று. 2020 நவம்பர் 7 அன்று வெளியான ‘விக்ரம்’ டீசர். வில்லியனூரில் ஒரு டீக்கடையில் யாரோ காட்டினார்கள். கமல்ஹாசன் தனியாக ஒரு வீட்டில் ஆயுதங்களை ஒளித்துவைக்கிறார். விருந்தாளிகள் வருகிறார்கள். இலை போட்டாகிறது. அதே வெடிகுண்டு, மேஜைக்கு வாழையிலை. லோகேஷ் கனகராஜ் இங்கே பார்வையாளனிடம் எதையும் மறைக்கவில்லை. சாப்பிட உட்காருகிறவர்களிடம்தான் மறைக்கிறார். அனிருத்தின் இசை ஏறிக்கொண்டே போகிறது. பேச்சென்று இருப்பது ஒரே வார்த்தை, “ஆரம்பிக்கலாங்களா”. பந்தியில் யாரும் சொல்லக்கூடிய உபசார வார்த்தை. அது அங்கே வந்து விழும்போது அர்த்தம் திரும்பிவிடுகிறது.

பெரும்பாலான ட்ரெய்லர்களில் இப்படிக் காத்திருக்க ஒரு பொருளே இல்லை. கறுப்புத் திரை, ஒரு ‘டொம்’, மறுபடி கறுப்பு. ‘இன்செப்ஷன்’ (2010) ட்ரெய்லர்களின் பித்தளை முழக்கம் உலகம் முழுவதும் பரவி, இன்று கிராமத்துப் பேய்ப் படத்துக்கும் அதுதான். மௌனத்தைக்கூட இவர்கள் ஒட்டுகிறார்கள். கூத்தில் முகவீணை நின்றபோது காது தானாகச் சலங்கைக்குப் போயிற்று. அதுவரை அந்த முகவீணையைக் கேட்டுக்கொண்டிருந்ததால்தான். எதையும் கேட்க விடாமல் வைத்த மௌனத்தில் எதைக் கேட்பது?

கூத்தை நான் புனிதமாக்கவில்லை. அன்றைக்கு மைக் கரகரத்தது, பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஆனால் ட்ரெய்லர் பார்த்துவிட்டுத் தியேட்டருக்குப் போகிற எனக்கு நேர்வது வேறொன்று. அந்த மலையுச்சி ஷாட் இன்னும் வரவில்லையே, அப்படியானால் அவன் இப்போது சாகமாட்டான் என்று இருட்டில் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது ரசனை இல்லை, ரசீது சரிபார்ப்பது. படத்துக்கு முன்னால் வந்த துண்டு, படத்தைத் தின்றுவிட்டது.

துணியை இறக்கியபோது இரண்டு மணி இருக்கும். துரியோதனன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இன்னொரு விருத்தம் பாக்கி இருந்தது.